தாழ்ச்சியாய் இருந்தால் ஏறி மிதிக்கிறார்களே, என்ன செய்வது?

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 26 வயது. நாட்டுப்படகில் சித்தப்பாவோடு கடலுக்குப் போகிறார், கோயில் காரியங்களைக் கவனிக்கிற பங்குப் பேரவையில் இளைஞர் சார்பில் உறுப்பினர். அவர் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: "கோயிலில் தாழ்ச்சியாய் இருங்கள் என்கிறார்கள். மீன் ஏலத்தில் தாழ்ச்சியாய் இருந்தால் எடையில் ஏமாற்றுகிறார்கள். படகில் மூத்தவர் ஒருவர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதுதான் தாழ்ச்சியா? இன்னொன்று, எப்போதாவது நான் விட்டுக்கொடுத்துப் போனால், 'பாத்தியா, நீ எவ்வளவு தாழ்மையானவன்' என்று உள்ளுக்குள்ளே ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலை என்ன செய்ய?"

தம்பி, அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கூடவே பல வருடம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தேன், பங்குச் சாமியார் (கத்தோலிக்கக் குரு) வரமுடியாத ஞாயிறுகளில் உபதேசியார் வேலையும் பார்த்தேன். தாழ்ச்சியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அது எனக்கு விளங்கியது ஒரு வீட்டு வாசலில், கடற்பாசி காய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லையே பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதிச் சிக்கல் அதில்தான் இருக்கிறது. நம் ஊரில் 'தாழ்ந்த' என்கிற சொல் சாதியோடு ஒட்டிக் கிடக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, ஒதுங்கி நிற்கப் பழக்கப்பட்ட மக்களிடம் போய் 'தாழ்ச்சியாய் இருங்கள்' என்றால், பழைய அடிமைத்தனத்தையே இப்போது வேதவசனத்தோடு சொல்கிறார்கள் என்றுதான் அவர்கள் காதில் விழும். திருத்தூதர் பவுல் காலத்திலும் இதே சங்கடம் இருந்தது. கிரேக்க மொழியில் 'தப்பெய்னோஸ்' என்றால் தாழ்ந்தவன், அற்பமானவன் என்று பொருள். அதை ஒரு நற்பண்பாக அந்த ஊர்க்காரர்கள் எண்ணியதில்லை. அந்தச் சொல்லை எடுத்துத்தான் பிலிப்பியருக்கு எழுதிய மடலின் 2-ஆம் அதிகாரத்தில் 'மனத்தாழ்மை' என்று எழுதுகிறார் பவுல். எந்தத் துணிச்சலில் எழுதினார் என்பது அடுத்த வரிகளிலேயே இருக்கிறது. கடவுள் வடிவில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கினார், அடிமையின் வடிவை ஏற்றார், சிலுவைச் சாவு வரைக்கும் தம்மைத் தாழ்த்தினார்.

உயரத்தில் இருந்தவர் இறங்கினார் என்பதுதான் அங்கே உள்ள செய்தி. கீழே கிடக்கிறவனை இன்னும் கீழே அழுத்துகிற பேச்சு அந்த அதிகாரத்தில் எங்கேயும் இல்லை.

இறங்க வேண்டுமானால் ஓர் உயரம் வேண்டும். ஆகவே, உங்களுக்கு எந்த இடத்தில் உயரம் இருக்கிறதோ, அந்த இடத்தில்தான் உங்கள் தாழ்ச்சிக்கு வேலை. உங்கள் கேள்வியில் வருகிறவர்கள் யார் யார் என்று திரும்பப் பாருங்கள். ஏல வியாபாரி, மூத்த தொழிலாளி, கோயில் பெரியவர்கள். எல்லாரும் உங்களுக்கு மேலே நிற்கிறவர்கள். அவர்கள் முன்னால் எவ்வளவு குனிவது என்று கேட்கிறீர்கள். நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். உங்கள் படகில் உங்களைவிடச் சின்னவன் யார்? ஐஸ் உடைத்துப் போடுகிறவன், தண்ணீர் இறைக்கிறவன், போன மாதம் புதிதாக ஏறியவன்? அவனை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? பெயர் சொல்லியா, 'டேய்' என்றா? வீட்டில் தங்கச்சி சொல்கிற யோசனையைக் கடைசி வரை கேட்டிருக்கிறீர்களா? தாழ்ச்சியின் பரீட்சை அங்கே நடக்கிறது. அதிகாரிக்கு முன்னால் பணிவாய் நிற்க எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பயமே போதும்.

யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் பாதம் கழுவுகிற இடம் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வரியைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். தந்தை எல்லாவற்றையும் தம் கையில் ஒப்படைத்திருக்கிறார், தாம் கடவுளிடமிருந்து வந்தவர், அவரிடமே போகிறவர் என்று தெரிந்துதான் இயேசு பந்தியிலிருந்து எழுந்தார், துண்டை இடுப்பில் கட்டினார் என்று அந்த வரி சொல்கிறது. அதாவது, தான் யார் என்பதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அதனால் கீழே உட்கார அவருக்குப் பயமில்லை. நமக்குத்தான் பயம். நம் மதிப்பு அடுத்தவன் பார்வையில் இருக்கிறது என்று நினைக்கிறவன் ஒரு நாற்காலியைக் கூட விட்டுக்கொடுக்க மாட்டான், விட்டால் தான் ஒன்றுமில்லாமல் போய்விடுவோம் என்று அவனுக்குத் தோன்றும். 'நானெல்லாம் எதற்கும் லாயக்கில்லைங்க' என்று வாய்க்கு வாய் சொல்கிறவரும் அதே பயத்தில் இருப்பவர்தான். 'அப்படியெல்லாம் இல்லைங்க, நீங்க எவ்வளவு பெரியவர்' என்ற பதிலுக்காக அவர் காத்திருப்பார். கொலோசையருக்கு எழுதும்போது பவுல் போலியான தாழ்மையைக் கண்டித்தது இதையெல்லாம் கண்டுதான் என்று நினைக்கிறேன். யாராவது உங்களைப் பாராட்டினால் 'சந்தோஷம், நன்றி' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

யோவானின் அதே 13-ஆம் அதிகாரத்தில் சீடர் பேதுரு செய்வதையும் பாருங்கள். 'நீர் என் காலைக் கழுவவே கூடாது' என்கிறார். கேட்பதற்கு எவ்வளவு பணிவான பேச்சு! இயேசு அதை ஏற்கவில்லை. கொடுக்க மட்டும் சம்மதித்து, வாங்கச் சம்மதிக்காத மனம் இன்னும் உயரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. முன்பெல்லாம் புனித வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் ஆண்கள் 12 பேர்தான் பெஞ்சில் உட்காருவார்கள். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களையும் சேர்க்கலாம் என்று ஒழுங்கை மாற்றினார். அதற்குப் பிறகு எங்கள் ஊர்க் கோயிலில் பாசி எடுக்கிற அம்மாமார் இரண்டு பேரை உட்கார வைத்தோம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுக்கும்போது நீந்துவதற்குக் காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கட்டு உராய்ந்து உராய்ந்து பாதத்தின் மேல் கறுத்த தழும்பு. அதில் ஒருவர் சேலைக்குள் காலை இழுத்துக்கொண்டே இருந்தார். சாமியார் பாத்திரத்தோடு மண்டியிட்டுக் காத்திருந்தார். கோயில் முழுக்கச் சத்தமில்லை. கடைசியில் அந்த அம்மா காலை நீட்டினார். அவர் காலை நீட்டியதும் தாழ்ச்சிதான், சாமியார் மண்டியிட்டதும் தாழ்ச்சிதான். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வருமானமில்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அரிசி கொண்டுவந்து வைத்தால், அடுத்த நாளே கடன் அடைப்பதுபோல எதையாவது திருப்பிக் கொடுத்துத் துடிக்கிறோமே, அந்த நேரத்தில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது படகில் திட்டுகிறவருக்கு வருவோம்.

லூக்கா 5-ஆம் அதிகாரத்தை மலைநாட்டில் இருக்கிறவர்கள் வாசிப்பதற்கும் நாம் வாசிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரவு முழுக்கப் பாடுபட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. காலையில் கரையில் நின்று வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். அலசி முடித்த வலையைத் திரும்பக் கடலில் இறக்குவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பாசியும் சருகும் பிரித்தெடுத்த விரல் எரியும், கண் சொருகும், வீட்டில் கஞ்சி காத்திருக்கும். அந்த நேரத்தில் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் வலையைப் போடு என்று சொல்கிறவர் யார்? தச்சர். பகல் வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும் என்று பேதுருவுக்குத் தெரியும். தொழில் அவருடையது, அறிவு அவருடையது, படகும் அவருடையது. 'ஆயினும் உமது சொற்படியே' என்கிறார். அந்த ஒரு 'ஆயினும்' என்ற சொல்லில் இருக்கிற தாழ்ச்சியைக் கடல்தொழில் செய்கிறவன் உணர்ந்த மாதிரி வேறு யாரும் உணர முடியாது. தன் அனுபவத்தை அவர் மறைக்கவும் இல்லை. 'இரவெல்லாம் பாடுபட்டோம், ஒன்றும் கிடைக்கவில்லை' என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் கீழ்ப்படிகிறார்.

ஆகவே அந்த மூத்தவர் திட்டும்போது, அதற்குள்ளே இரண்டு சரக்கு கலந்து கிடக்கும், பிரித்தெடுங்கள். ஒன்று, அவர் சொல்கிற விஷயம். வலையைத் தப்பாக மடித்தாய், கச்சான் காற்று மாறுவதைக் கவனிக்கவில்லை என்றால், அது உண்மையா என்று பாருங்கள். உண்மையென்றால் அவர் எந்தத் தொனியில் சொன்னாலும் எடுத்துக்கொள்ளுங்கள். 'சரி அண்ணே, இனிமே பாத்துக்கறேன்' என்று சொல்ல இரண்டு விநாடி போதும். நாற்பது வருடம் கடலில் கிடந்தவரின் அறிவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது. இன்னொன்று, அவர் பேசுகிற இழிவு. உங்கள் அம்மாவை, படிப்பை, பிறப்பை இழுத்துப் பேசுகிறார் என்றால் அதை விழுங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நடுக்கடலில் பதிலுக்குப் பதில் பேசாதீர்கள், அங்கே எல்லார் உயிரும் ஒரு படகில் இருக்கிறது. கரைக்கு வந்து, மற்றவர்கள் போன பிறகு, தனியாக நின்று சொல்லுங்கள். மத்தேயு 18-இல் ஆண்டவர் காட்டுகிற வழி அதுதான், முதலில் நீயும் அவனும் தனியாக. எதைப் பேசக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏலத்தில் எடை கேட்பது அகங்காரமா என்றால், இல்லவே இல்லை. தராசைப் பார்க்கிறேன், கணக்கைக் காட்டு என்று கேட்பது உங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் படகில் பங்குக்கு வருகிற ஐந்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்பது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டோம் என்பதற்காக அவன் வைத்ததே விலை என்று வாய் மூடி நிற்பதற்கு ஆன்மிகப் பெயர் வைக்காதீர்கள். தலைமைக் குருவின் முன்னால் ஒரு காவலன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு சும்மா இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறென்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். பிலிப்பி நகரில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள், காலையில் யாருக்கும் தெரியாமல் போய்விடுங்கள் என்றபோது, உரோமைக் குடிமக்களை இப்படி நடத்தலாமா, நீங்களே வந்து வெளியே கூட்டிப்போங்கள் என்றார் பவுல். மனத்தாழ்மையைப் பற்றி அவர் எழுதியது அதே பிலிப்பி ஊர்ச் சபைக்குத்தான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனிடம் 'தாழ்ச்சியாய்ப் போ மகளே' என்று பெண்களை அனுப்பி வைக்கிற பழக்கம் நம் கடற்கரையில் இருக்கிறது. கோயிலுக்குள் இருந்தே அந்தப் புத்திமதி வந்திருக்கிறது. அது பாவம். அந்த வீட்டில் உயரத்தில் இருக்கிறவன் அவன். இறங்க வேண்டியவனும் அவன்தான். அவளைப் பத்திரமான இடத்துக்குக் கூட்டிப்போவதும், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்குப் போவதும் கிறிஸ்தவக் கடமை.

தாழ்ச்சிக்கு முதுகெலும்பு உண்டு என்பதற்கு நம் மாவட்டத்து மண்ணே சாட்சி. திருவாடானை வட்டத்து ஓரியூருக்கு நீங்களும் போயிருப்பீர்கள், அந்தச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் இட்டிருப்பீர்கள். அங்கே உயிர்விட்ட அருளானந்தர் (ஜான் தே பிரித்தோ) 1647-இல் லிஸ்பனில் பிரபுக்கள் குடும்பத்தில் பிறந்தவர், அரண்மனையில் இளவரசர் பெத்ரோவோடு வளர்ந்தவர். அதையெல்லாம் விட்டு மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்தி, புலால் விட்டு, பண்டாரத் துறவியைப் போலப் பண்டாரசாமியாக வாழ்ந்தார். அன்றைக்கு பிராமண சந்நியாசிகளைப் போல வாழ்ந்து மேல்சாதியாரோடு மட்டும் பழகிய மிஷன் குருக்களும் இருந்தார்கள். பண்டாரசாமிகள்தான் எல்லாச் சாதி மக்களிடமும் போகமுடிந்தவர்கள். 1686-இல் பிடித்து வதைத்தார்கள். பிறகு பணி நிமித்தம் ஐரோப்பா போனபோது, கூட வளர்ந்த பெத்ரோ இப்போது அரசர், இங்கேயே இருந்துவிடு என்கிறார். இருக்கவில்லை, 1690-இல் திரும்பி வந்தார். மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்று சொன்னார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் இராமநாதபுரத்து அரசர் கிழவன் சேதுபதியின் உறவு. அந்த நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் அவர் உயிர் பிழைத்திருக்கலாம். தளர்த்தவில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அரண்மனையிலிருந்து குடிசைக்கு இறங்கத் தெரிந்த அந்த மனிதர், அரசனுக்கு முன்னால் உண்மையிலிருந்து இறங்கவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததைக் கவனியுங்கள்.

மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையைத் தாண்டும்போது எனக்கு இன்னொருவர் நினைவு வரும். 1549-இல் அங்கே கொல்லப்பட்ட அந்தோணி கிரிமினாலி, இயேசு சபையில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட முதல் மறைசாட்சி. முத்துக்குளித்துறைக் குருக்களுக்கெல்லாம் மேலாளர் அவர். தாக்குதல் வந்தபோது மக்களைப் படகேற்றி அனுப்புவதில் நின்று, தான் ஏறாமல் போனார்.

கோயில் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கே தெரியும். கொடி யார் ஏற்றுவது, தேர் வடத்தை முதலில் யார் தொடுவது, மாலை யாருக்கு முதலில், அழைப்பிதழில் யார் பெயர் மேலே என்று திருவிழா தோறும் சண்டை. விருந்தில் முதல் இடத்தைத் தேடாதே, கடைசி இடத்தில் போய் உட்கார் என்று லூக்கா 14-இல் ஆண்டவர் சொன்னதை அதே திருவிழாத் திருப்பலியில் வாசித்தாலும் வாசிப்போம். சாதிச் சண்டை அதைவிட மோசம். தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே அப்பத்தை உண்டவர்கள் மண்ணுக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கக் கூடாதாம். இதற்கு நடுவில் தனிமனிதத் தாழ்ச்சியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் பங்குப் பேரவையில் இருக்கிறீர்கள். அடுத்த திருவிழாக் கூட்டத்தில் உங்கள் தெருவுக்கு வருகிற மரியாதையை நீங்களே எழுந்து, இதுவரை ஒருமுறையும் கிடைக்காத தெருவுக்குக் கொடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் சொந்தக்காரர்களே உங்களோடு பேசமாட்டார்கள். அதைத் தாங்கிக்கொள்வதும் இதில் சேர்ந்ததுதான். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். அந்தத் தீவில் குடிநீர் கிடையாது, நிழலும் குறைவு. படகு முதலாளியான சம்மாட்டியும் கூலிக்காரரும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பாட்டில் தண்ணீரைக் கைமாற்றிக் குடிப்பார்கள். அங்கே அப்படி இருக்க முடிகிறது, ஊருக்குத் திரும்பியதும் முடியவில்லை.

சரி, அந்தக் குரலுக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்த எங்கள் அன்பியக் குழுவில் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். வாசகத்தை ஆளுக்கு ஒருவராக வாசிப்பார்கள். பல வருடத்துக்கு முன்னால் ஒருநாள், பாசி எடுக்கப் போகிற ஓர் அம்மாவின் முறை வந்தது. முள்ளும் பாறையும் கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி பறிப்பார்கள். அன்றைக்கும் இரண்டு விரலில் துணி இருந்தது. அந்த விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆனது. பின்னால் பிள்ளைகள் நெளிந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. 'சரி கொடுங்கம்மா, நேரமாகுது' என்று அவர் கையிலிருந்து பைபிளை வாங்கி நானே கணீரென்று வாசித்து முடித்தேன். வாசித்தது எந்தப் பகுதி தெரியுமா? பரிசேயரும் வரிதண்டுபவரும் கோயிலுக்குப் போன உவமை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் கூட்டத்தில் வாசிக்கவில்லை. வருவார், பின்வரிசையில் உட்காருவார், முறை வந்தால் தலையை ஆட்டிப் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளிவிடுவார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நான்கு வருடம் கழித்து என் மனைவிதான் ஒருநாள் சாப்பாடு போடும்போது சொன்னாள், 'நீங்க புடுங்குன அன்னையிலேருந்து அவங்க வாசிக்கிறதில்ல.' சோறு இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். போகிற வழியெல்லாம் நீங்கள் சொன்ன அந்தக் குரல் எனக்கும் கேட்டது. 'வாத்தியாரே பாசிக்கார அம்மா வீடு தேடிப் போறார் பார், எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்!' விரட்டப் பார்த்தேன். விரட்ட விரட்ட, விரட்டுவதையும் சேர்த்துப் பாராட்டியது. வாசலில் பாசி காயப்போட்டிருந்தது, அவர் குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன், 'அன்னைக்கு உங்க கையிலேருந்து பைபிளை வாங்கினது தப்பு. மன்னிச்சுக்குங்க.' நேரமாகிவிட்டது, பிள்ளைகள் படுத்தினார்கள் என்று காரணம் சொல்ல நாக்கு வந்தது. சொல்லவில்லை, அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. 'மூணு நாளா வாசிச்சுப் பாத்துட்டு வந்தேன் சார். மகதான் சொல்லிக் குடுத்துச்சு. கடைசி வரி வரைக்கும் எனக்குத் தெரியும்' என்றார்.

மூன்று நாள். விடியற்காலையில் கடலுக்குப் போய், மத்தியானம் வரை முங்கி, வந்து பாசியைக் காயப்போட்டு, சமைத்து, அதற்குப் பிறகு விளக்கடியில் மகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிய மூன்று இரவு. அது என் கண்முன் வந்த பிறகு அந்தக் குரலைக் காணோம். நான் அதை ஜெயிக்கவில்லை. அந்த அம்மாவின் மூன்று இரவுக்கு முன்னால் என்னைப் பற்றி நினைக்க இடமில்லாமல் போனது, அவ்வளவுதான். உங்கள் கடைசிக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான், தம்பி. அந்தக் குரலோடு சண்டைக்குப் போகாதீர்கள். நான் தாழ்ச்சியாய் இருக்கிறேனா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் ஒருவகையில் கண்ணாடி பார்ப்பதுதான். எதிரில் நிற்கிறவரைப் பாருங்கள். அவர் என்ன பாடுபட்டு அங்கே வந்து நிற்கிறார் என்று கேளுங்கள்.

கரைவலை இழுத்திருப்பீர்கள். இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் பிடித்து இழுத்துக்கொண்டே ஒருவரை நோக்கி ஒருவர் நெருங்கி வருவார்கள். ஒரு பக்கம் பலசாலிகள் சேர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் வேகமாக ஏறும், வலை கோணும், மீன் தப்பும். அதனால் பலமுள்ள பக்கம்தான் நிதானிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கிழவர்கள் எத்தனை எட்டு வைத்தார்கள் என்று பார்த்துப் பார்த்து இழுக்க வேண்டும். கண் முழுக்க அந்தப் பக்கம் இருக்கும்போது, 'நான் எவ்வளவு நிதானமாக இழுக்கிறேன்' என்று யாராவது நினைப்பார்களா? மீன் சேர்ந்த வலையின் மடி கரையேறிய பிறகு சூடையும் காரலும் துள்ளும்போது எவன் இழுப்பில் வந்தது என்று எந்தக் கணக்கிலும் இருக்காது. லூக்கா 17-இல் எல்லாம் செய்து முடித்த பணியாளர்கள் 'கடமையைத்தான் செய்தோம்' என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு இப்படித்தான் புரிகிறது.

தினமும் செய்ய ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். ராத்திரி ஆன்ம சோதனை செய்யும்போது ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு யார் பேசி முடிக்கும் முன்னால் நான் குறுக்கே பேசினேன்? பெயர் ஞாபகம் வந்தால், மறுநாள் அவரிடம் போய், நேற்று நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். நான் அந்த அம்மா வீட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் இதைச் செய்கிறேன். பெயர் ஞாபகம் வராத ராத்திரி எனக்கு இன்னும் அபூர்வம்தான்.

அந்த அம்மா அன்றைக்கே மனசு மாறிவிடவில்லை. அடுத்த வாரம் வாசியுங்கள் என்றேன், 'பாக்கலாம் சார்' என்று பாசிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தவக்காலம் வந்து, ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் கூட்டம். லூக்கா 5-ஆம் அதிகாரம். முறை வந்தபோது பைபிளை எடுத்து மடியில் வைத்தார். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, 'இரவு முழுவதும்' என்பதைத் தாண்டி, 'ஆயினும்' என்கிற இடத்தில் கொஞ்சம் நின்றார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பாதி வரைக்கும் வாசித்தார், மீதியை மகளிடம் நீட்டினார். நான் என் பைபிளை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.